துல்லியம் வேறு, நுண்மை வேறு: துணைச்செயலிக் கட்டுரைக்கான சொற்கள்

வணக்கம்.

பழைய கணிதத் துணைச்செயலிகள் (முதன்மைச் செயலிக்குத் துணையாகக் கணக்குப் போடும் சில்லுகள்) பற்றிய கட்டுரைக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். 'அக்யூரசி', 'பிரிசிஷன்' இரண்டுக்கும் துல்லியம் என்றே போட்டிருக்கிறது. முன்னது விடை உண்மை மதிப்புக்கு எவ்வளவு நெருக்கம் என்பது, பின்னது எண்ணை எத்தனை இலக்கம் வரை வைத்திருக்கிறோம் என்பது. இப்படியே விட்டால் கட்டுரை சொல்லவரும் விஷயமே காணாமல் போய்விடும்.

இன்டெல் 8087 (1980), 80387, சைரிக்ஸ் 83டி87 எல்லாவற்றுக்கும் பதிவகம் (சில்லுக்குள் எண்ணை வைக்கும் இடம்) 80 பிட்தான், அதில் எண்ணின் இலக்கங்களைத் தாங்கும் இலக்கப்பகுதி 64 பிட். நான்கு அடிப்படைக் கணக்குகளுக்கும் வர்க்கமூலத்துக்கும் விடையை எப்படி முழுதாக்க வேண்டும் என்று கணினியில் பதின்மப் புள்ளி எண்களைக் கையாள்வதற்கான ஐஇஇஇ 754 தரநிலை 1985இல் வரையறுத்துவிட்டது. சைன், டேன், மடக்கை பற்றி அது எதுவும் கட்டளையிடவில்லை, அதனால் அவரவர் வழியில் போனார்கள். இன்டெல் 8087, 387 இரண்டிலும், கூட்டலும் பிட்களை நகர்த்தலும் போதும் என்கிற கோர்டிக் முறை. சைரிக்ஸோ வேகமான பெருக்கியை நம்பிப் பல்லுறுப்புக்கோவைத் தோராயத்துக்கு மாறியது, வேகம் கூடியதோடு பிழையும் குறைந்தது. அகலம் ஒன்றாக இருந்தும் விடை வேறுபட்டது.

இன்னும் கூர்மையான உதாரணம், 387இல் வந்த, சைன் கணக்கிடும் எஃப்சின் கட்டளை. பெரிய கோணத்தைச் சிறிய கோணமாகச் சுருக்குவதற்கு இன்டெல் வைத்திருந்த பை மதிப்பு 66 பிட்தான். பையை இரட்டை அளவு (64 பிட்) எண்ணாகக் கொடுத்து சைன் கேட்டால் 1.22464679... × 10⁻¹⁶ வரவேண்டும், எக்ஸ்87 (இன்டெல்லின் இந்தச் சில்லுக் குடும்பம்) தருவது 1.22460635... × 10⁻¹⁶. அத்தனை இலக்கங்களில் முதல் ஐந்துதான் சரி! இதைத் 'துல்லியமான பதிவகம், துல்லியமற்ற விடை' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

என் பரிந்துரை: அக்யூரசி துல்லியமாகவே இருக்கட்டும், பிரிசிஷன் 'நுண்மை' ஆகட்டும். நுட்பம் என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் தொழில்நுட்பம் அந்தச் சொல்லை முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டது. இரட்டை நுண்மை, நீட்டித்த நுண்மை என்று சேர்த்துச் சொல்லவும் வசதி.

அப்புறம் 'உல்ப்' (யூனிட் இன் த லாஸ்ட் பிளேஸ்). எண்ணின் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினால் வரும் வித்தியாசம், சில்லுகளின் பிழையை ஒப்பிட இதுதான் அளவுகோல். இதற்கு முந்தைய மடலில் வந்த 'கடையலகு' இலக்கணப்படி சரிதான், ஆனால் படிப்பவர் மனம் முதலில் கடைத்தெருவுக்குப் போகும். 'ஈற்றலகு' என்போம். ஈற்றடி, ஈற்றெழுத்து என்று ஏற்கெனவே பழகிய வடிவம். மேலே சொன்ன சைன் பிழை இரட்டை நுண்மையில் 16,000 கோடி ஈற்றலகுகளுக்கும் மேல், சரியாக முழுதாக்கிய கூட்டலில் அரை ஈற்றலகைத் தாண்டாது. எழுதிப் பார்த்தேன், வாக்கியத்தில் நன்றாகவே உட்காருகிறது.

இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். இந்தச் சொற்களை அவர்கள் தமிழில் முதன்முதலாகச் சந்திப்பதே இப்படி ஒரு கட்டுரையில்தான் இருக்கும், பார்த்ததும் பொருள் பிடிபட வேண்டும்.

கணக்கின் நடுவே பிழையைக் குறைக்கக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் 'கார்டு பிட்'டுக்குக் 'காப்பு பிட்' போதுமா, இல்லை பிட்டையும் 'இருமம்' ஆக்கிவிடலாமா? எனக்குப் பிட்டே போதும் என்று படுகிறது. மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள், பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.