பம்பிங் 35 சதவீதம் என்றால் மீதி 65 சதவீதம் செத்துவிட்டதா?

வைகைக்கரை (கேள்வி)

என் தந்தைக்கு வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சென்ற வாரம் எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் 'ஈஎஃப் 35%' என்று இருக்கிறது. "ஹார்ட் வீக்காக இருக்கிறது, மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று மருத்துவர் சொன்னதோடு சரி. காத்திருந்த கூட்டத்தில் மேற்கொண்டு கேட்க எங்களுக்கு வாய்க்கவில்லை. அன்றிலிருந்து அம்மா அவரை மாடிப்படி ஏற விடுவதில்லை. இதற்கிடையில் அவருடைய சொந்த அக்காள் இறந்த செய்தியை, அடக்கம் முடிந்த பிறகுதான் அவரிடம் சொன்னோம். அவர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசவில்லை. இதயம் பலவீனம் என்பதற்கு உண்மையில் என்ன பொருள்? நாங்கள் செய்தது தவறா?

எக்கோ அறை

எக்கோ எடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முதலில் தலைப்புக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. நலமான இதயம்கூடத் தன்னிடம் நிரம்பிய ரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியேற்றுவதில்லை. இடது கீழறையில் சுமார் 120 மில்லி நிரம்பினால், சுருங்கும்போது 70 மில்லி அளவு வெளியே போகும். மீதி உள்ளேயே தங்கும். நிரம்பியதில் இப்படி வெளியேறும் பங்கின் சதவீதமே ஈஎஃப். அதன் இயல்பான அளவே ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதம்தான். ஆகவே 35-ஐ நூறோடு ஒப்பிடாமல் அறுபதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி வடுவாகிவிட்டால், அந்தக் குறையை ஈடுகட்ட அறை மெல்ல விரிவதுண்டு. 200 மில்லி பிடிக்கும் அளவுக்கு விரிந்த அறை 35 சதவீதம் வெளியேற்றினாலும் கணக்கு அதே 70 மில்லிதான். இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்துவிட்டுப் படியேறும்போது மூச்சு வாங்குவது இதனால்தான். அன்றாடத்துக்குப் போதுமானது இருக்கிறது, கையிருப்பு இல்லை. ஆனால் அந்த விரிவே நாளடைவில் இதயச் சுவரை மேலும் நலியச் செய்யும் என்பதால், அதைத் தடுக்கும் மாத்திரைகளை உடல் தேறியதாகத் தோன்றினாலும் நிறுத்தக்கூடாது.

அடுத்த சந்திப்பில் ஒன்றை அவசியம் கேளுங்கள். மாரடைப்புக்குப் பின் மூன்று மாதம் முறையாக மருந்து எடுத்தும் 35 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் மின்னதிர்வு கொடுத்துச் சீராக்க, மார்பில் தோலுக்கடியில் பொருத்தும் ஐசிடி கருவி தேவையா என்று பரிசீலிப்பது வழக்கம். 'வீக்' என்ற ஒற்றைச் சொல்லோடு வீடு திரும்பினால் இந்தக் கேள்வி எழாமலே போய்விடும்.

மூன்று தலையணை

நான் நோயாளி. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் ஐந்தாம் வாரத்தில், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினேன். கால் வீக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எக்கோவில் 25 சதவீதம் வந்தது. பிரசவத்தை ஒட்டி இதயத்தசை நலியும் நோய் ஒன்று உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு ஆண்டுகளில் 50-ஐத் தொட்டேன். உங்கள் தந்தைக்கும் அப்படியே ஏறும் என்று சொல்லமாட்டேன், ஏனெனில் மாரடைப்பின் வடு மீண்டும் தசையாவதில்லை. ஆனால் வடுவைச் சுற்றியுள்ள தசை தேறுவதுண்டு.

துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைக் கண்டு, நலிந்த இதயத்தை மேலும் மந்தமாக்கலாமா என்று என் கணவர் அஞ்சினார். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படியே நினைத்தார்கள். 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பயன் கண்டார்கள். அது ஆயுளை நீட்டிக்கிறது என்று 1990-களின் பெரிய ஆய்வுகள் நிறுவின.

தினமும் காலையில் காபிக்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் குறிக்கிறேன். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையன்று, உடலில் தேங்கிய நீர். உடனே மருத்துவரை அழைப்பேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டுவிட்டேன். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும்; இந்நோய்க்கான சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ஆபத்து. இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுங்கள். மூட்டுவலி என்றால் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள்; அது உடலில் நீரைத் தேக்கும்.

பழைய ஏட்டையா

துக்கச் செய்தியை மறைத்தது பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் தாயாரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பெருந்துயரம் ஒன்றால் இதயம் திடீரென்று நலிவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்து, அந்த இதயத்தின் வடிவம் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல் இருந்ததால் 'தகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். உங்கள் தந்தைக்கு இருப்பது வேறு.

நெஞ்சு என்ற சொல்லால் உறுப்பையும் மனத்தையும் சேர்த்தே குறிப்பவர்கள் நாம். அதனால், தசை நலிந்தவரை மனம் நலிந்தவராகவே நடத்திவிடுகிறோம். என் தாய்மாமனுக்கு நாங்களும் இதையே செய்தோம். இதய நோயாளிகளிடம் மனச்சோர்வு மிகுதி. வீட்டு விஷயங்களிலிருந்து அவரை விலக்கி வைப்பது அந்தச் சோர்வைக் கூட்டும். உடன் ஒருவர் இருக்க, உட்கார வைத்து, மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

வைகைக்கரை

உங்கள் மூவருக்கும் நன்றி. இன்று காலை அப்பாவுக்கு எடை பார்த்தேன், 68 கிலோ. ஐசிடி பற்றியும், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கேட்போம். நேற்றிரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அத்தையின் பதினாறாம் நாளுக்குத் தான் கட்டாயம் வருவேன் என்றார். மருத்துவரைக் கேட்டுவிட்டு அழைத்துப்போகிறோம் என்று அம்மாவே ஒப்புக்கொண்டார்.