பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பும் செய்தி ஒன்பது பெற்றோருக்கு மட்டும் போகவில்லை

கேள்வி: ஐந்தாம் வகுப்பு ஆசிரியை
என் வகுப்பில் 36 பிள்ளைகள். முன்பு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். விடிந்தால் ரோஜாப்பூ வணக்கம், நடுவில் சீட்டு விளம்பரம் என்று நிரம்பி, வீட்டுப்பாடம் அடியில் புதைந்துவிடும். அதைக் கலைத்துவிட்டு, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டேன். 'நாளை அரைநாள்தான் பள்ளி' என்று அதில் அனுப்பியிருந்தேன். மறுநாள் பன்னிரண்டரைக்கு ஒன்பது பிள்ளைகள் கேட்டருகே, காலி டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி வரை நானும் அங்கேயே இருந்தேன். செய்தி விவரத்தைத் திறந்து பார்த்தால் அந்த ஒன்பது பேருக்கும் போய்ச் சேரவே இல்லை. தனியாக அனுப்பினால் போகிறது. எண்களில் பிழை இல்லை. என்ன கோளாறு?

பதில் 1
கோளாறு உங்கள் போனில் இல்லை, டீச்சர். அவர்கள் எண் உங்களிடம் இருந்தால் போதாது; உங்கள் எண்ணை அவர்களும் சேமித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிராட்காஸ்ட் செய்தி அவர்களுக்குப் போகாது, உங்களுக்கும் எச்சரிக்கை வராது. முன்பின் தெரியாதவர்கள் மொத்தமாக விளம்பரம் அனுப்பாமலிருக்க வைத்த பூட்டு அது.

பதில் 2
எண்ணைச் சேமிக்கச் சொல்லலாம். போன் மாற்றும்போது மறுபடி தொலைத்துவிடுவார்கள். பேசாமல் குழுவையே திரும்பத் தொடங்கி, அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். 2018 முதலே அந்த வசதி இருக்கிறது. ரோஜாப்பூ தானாக நின்றுவிடும்.

பதில் 3
நான் ஒரு தாய். குழு என்றால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். என் மகள் வகுப்புக் குழுவிலிருந்து எண்ணை எடுத்து, முகம் தெரியாத ஒருவர் இரவு பத்து மணிக்கு அழைத்தார். பல குழுக்களை ஒரே குடையில் வைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி தொடங்கி, அட்மின்கள் மட்டும் செய்தி போடும் அதன் அறிவிப்புக் குழுவில் மட்டும் பெற்றோரைச் சேருங்கள். உறுப்பினர் எண் அட்மினுக்கும், ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். அதற்குள் கிளைக் குழு தொடங்கினால் எண்கள் வெளியே வந்துவிடும், கவனம்.

பதில் 4
எங்கள் ஊரில் சேர்க்கைப் படிவத்தில் இருப்பது அப்பாவின் எண். அவர் திருப்பூரில் வேலை செய்கிறார். பிள்ளையை அழைக்க வரும் பாட்டியிடம் பட்டன் போன். அரைநாள், விடுமுறை மாதிரியான செய்திகளை டைரியில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

ஆசிரியை
நன்றி. ஒன்பது பேரையும் கேட்டுவிட்டேன். எட்டுப் பேர் என் எண்ணைச் சேமிக்கவே இல்லை. ஒருவர் மட்டும் 'சேமித்திருக்கிறேனே' என்று சாதித்தார். வாங்கிப் பார்த்தால், நான் இரண்டு வருடத்துக்கு முன் விட்டுவிட்ட பழைய எண். கம்யூனிட்டி தொடங்கிவிட்டேன். நாளைய அறிவிப்பு டைரியிலும் போகிறது.