கடலோர ரிசார்ட்டில் இருக்கும் பழைய மினி கோல்ஃப்: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தக்கலை அக்கா:
அடுத்த மாதம் ஷார்ஜாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. சின்னவளுக்கு ஏழு வயது, பெரியவனுக்குப் பன்னிரண்டு. வள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு எல்லாம் போன லீவிலேயே பார்த்துவிட்டார்கள். நம்ம கன்னியாகுமரிப் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில், மட்டையால் பந்தைத் தட்டித் தடைகளைத் தாண்டிக் குழியில் போடுகிற மினி கோல்ஃப் இருக்கிறதே, டிக்கெட் எடுத்தால் வெளியாட்களையும் விடுவார்களே, அதைத்தான் கேட்கிறேன். ரொம்பப் பழசாகிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று இன்னொருவர். சமீபத்தில் போனவர்கள் உள்ளபடி சொல்லுங்கள். முட்டுவலி உள்ள அம்மாவும் கூட வருவார்கள்.

வடசேரி செல்வன்:
அக்கா, நாங்கள் கிறிஸ்துமஸ் லீவில் போனோம். வாங்குகிற காசுக்கு அந்த இடம் இப்போது இல்லை. குழி என்றால் பந்து ஓடுகிற தளமும் சேர்த்துத்தான், பதினெட்டுக் குழியில் பாதிக்கு மேல் கார்ப்பெட் ஓரம் பெயர்ந்து நிற்கிறது, நேராகப் போய்க்கொண்டிருக்கிற பந்து அந்த மடிப்பில் தட்டித் திரும்பி வருகிறது, பெரியவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வோம், ஆனால் சின்னப் பிள்ளை ஒழுங்காக அடித்தும் பந்து விழவில்லை என்றால் அழுகைதான் வரும். மட்டை எல்லாமே பெரியவர்கள் உயரம். என் மகள் நடுவில் பிடித்துத்தான் ஆடினாள். அப்புறம் அந்தக் காற்றாலைக் குழி. இறக்கை விலகுகிற நேரம் பார்த்துப் பந்தைத் தள்ளிவிடுவதுதான் அங்கே விளையாட்டே, இறக்கை துருப்பிடித்து நின்றுவிட்டது. வருகிற வழியில் முப்பந்தலில் அத்தனை காற்றாலை சுற்றுவதைப் பார்த்த பிள்ளை, "இது மட்டும் ஏன்பா சுத்தல?" என்று கேட்கிறாள். வெளியூர்க்காரர்கள் வந்து போகிற மாவட்டம் இது, ஒரு மோட்டாரை மாற்றிப் போடக் கூடாதா?

குளச்சல் பெரியப்பா:
செல்வன் சொன்ன குறை எல்லாம் உள்ளதுதான். ஆனாலும் போக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் மக்களே. அது புதிதாக இருந்த காலத்திலிருந்து நான் போகிறேன். மேலே போட்ட கார்ப்பெட்தான் கிழிந்திருக்கிறது, அடியில் இருக்கிற சரிவும் வளைவும் நன்றாக யோசித்துக் கட்டியவை. மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி ஒரு குழி இருக்கிறது பாருங்கள், பந்து மேடேறித் தொட்டிக்குள் விழுந்து தூண்களுக்கு மேலேயே ஓடி மறுபக்கம் இறங்கும், அடி மெதுவானால் திரும்பிக் காலடிக்கே வந்துவிடும், கூடினால் வெளியே தெறிக்கும். அது இன்றைக்கும் பிசகாமல் வேலை செய்கிறது. அதை ஆடிவிட்டு என் பேரன் இது என்ன பாலம் என்று கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாத்தூருக்குக் கூட்டிப் போய், பறளியாற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோக 1966இல் கட்டி முடித்தது என்று காட்டினேன். இப்படி ஒரு குழி வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

இன்னொன்று, அங்கே விதி எழுதிய போர்டு வெளுத்துப் போய்விட்டது. போட்டிகளில் ஆடுகிற முறை சுலபம்தான்: ஒரு குழிக்கு அதிகபட்சம் ஆறு தடவை அடிக்கலாம், ஆறிலும் விழவில்லை என்றால் ஏழு என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் சின்னவள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்க மாட்டாள்.

மார்த்தாண்டம் டர்ஃப் வேலை:
நான் ஃபுட்பால் டர்ஃப், அதாவது பிளாஸ்டிக் புல்தரை, போடுகிறவன். உப்புக்காற்றால் கார்ப்பெட் போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். உப்பு தின்பது இரும்பை, அந்தக் காற்றாலை இறக்கை நின்றதற்குக் காரணம் அதுதான். கார்ப்பெட் என்பது பிளாஸ்டிக் புல்தான், அதைக் கெடுப்பது வெயில். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் இழை மொரமொரவென்று ஒடியும், கடல்மணல் வேறு செருப்படியில் அரைத்துக்கொண்டே இருக்கும். ஓரம் பெயர்வது தண்ணீரால். நமக்கு இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, தண்ணீர் வடிய வழி இல்லாத தளத்தில் பசை ஊறி விட்டுவிடும். பந்து விழுகிற குழிக்குள் அடியில் ஒரு வடிகால் ஓட்டை போட்டிருந்தாலே பாதித் தொல்லை இருக்காது.

மாற்றுவதும் பெரிய காரியம் இல்லை. ஃபுட்பாலுக்கு 40, 50 மில்லிமீட்டர் உயரப் புல் வேண்டும். இதற்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் போதும், பரப்பும் கொஞ்சம்தான். பெரியப்பா சொல்கிற மாதிரி தளம் நன்றாக இருந்தால் உடைக்கவே வேண்டாம், பழையதை உரித்து, சுரண்டி, காயவிட்டு ஒட்டினால் போதும். மழை இல்லாத மாசி, பங்குனியில் செய்தால் பசை நன்றாகப் பிடிக்கும். அங்கே வேலை பார்க்கிற பையன்களிடம் நானே சொல்லிப் பார்த்தேன், முதலாளியிடம் சொல்கிறோம் என்றார்கள். போகிறவர்கள் எல்லோரும் புகார்ப் புத்தகத்தில் எந்தக் குழி, என்ன குறை என்று எழுதிவிட்டு வாருங்கள். பொதுவாக 'மோசம்' என்று எழுதினால் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள்.

தக்கலை அக்கா:
எல்லோருக்கும் நன்றி. போவது என்று முடிவு செய்துவிட்டேன். தொட்டிப்பாலக் குழிக்காகவே பெரியவன் வருவான். காலையா சாயங்காலமா, எது நல்லது? அம்மாவுக்கு உட்கார இடம் இருக்குமா?

வடசேரி செல்வன்:
சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள் அக்கா. காலையில் ஈரத்தோடு பாசி வழுக்கும், பிள்ளைகள் ஓடுவார்கள். மத்தியானம் கார்ப்பெட்டில் கால் வைக்க முடியாது. செருப்பை விட ஷூ நல்லது. நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் புன்னை மரத்தடியில் சிமென்ட் பெஞ்ச் இருக்கிறது, அம்மா அங்கே உட்கார்ந்தாலே முதல் ஆறு குழியும் தெரியும். டிக்கெட் எடுக்கும் முன்னால் குட்டை மட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், எங்களுக்குப் பிறகு போன ஒரு வீட்டுக்காரர்களுக்கு உள்ளேயிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தார்களாம்.