குப்பை போட்டால் 5,000 ரூபாய் அபராதம்: டெல்டாவுக்கு வேண்டுமா?

கடைமடைக்காரன்:
பொது இடத்தில் குப்பை கொட்டுனா 500 ரூபாயா இருந்த அபராதத்தை 2024-ல சென்னை மாநகராட்சி 5,000 ஆக்குச்சு. தஞ்சாவூர், கும்பகோணத்துலயும் அப்படியே கொண்டுவரணும். மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை தாண்டி எங்க வாய்க்காலுக்கு வர்றதே கடைசியா. போன வருஷம் வந்த அன்னிக்கே மதகு அடைச்சுக்கிச்சு. பாலித்தீன் பை, தெர்மாகோல் தட்டு, கல்யாணத் தண்ணி பாட்டில். மூணு பேர் இடுப்பளவு தண்ணியில இறங்கி, அரிவாளால அறுத்து அறுத்து எடுத்தோம். நாத்து அங்க காயுது.

குடந்தைவாசி:
அண்ணே, உங்க கோபம் நியாயம். ஆனா அந்த 5,000 யார் தலையில விழும்? எங்க அம்மா பூ கட்டி விக்கிறவங்க, விடிகாலையிலயே மார்க்கெட் போயிடுவாங்க. குப்பை வண்டி ஏழு மணிக்கு வந்து ரெண்டு விசில் அடிச்சிட்டுப் போயிடும். தெருமுனையில தொட்டியும் இல்லை. ராத்திரி டிராக்டர்ல எச்சில் இலையை ஆத்தங்கரையில கொட்டுற மண்டபத்தை யார் பிடிச்சாங்க?

வெண்ணாற்றங்கரை:
பிடிபடமாட்டோம்னு தெரிஞ்சவனுக்கு 500-ம் 5,000-மும் ஒண்ணுதான். 2019 ஜனவரி 1-லேர்ந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. மீன் கடையில இன்னும் எதுல கட்டித் தர்றாங்க? நீலகிரியில 2022-ல மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர ஆரம்பிச்சாங்க. அதுதான் வேலை செய்யும். நடவுக்கு இறங்குன எங்க சித்தி பாதத்துல பாட்டில் சில்லு ஏறி ஏழு தையல். பத்து ரூபாய் கிடைக்கும்னா அந்த பாட்டில் வரப்புலயே கிடந்திருக்காது.

கடைமடைக்காரன்:
பாட்டிலுக்குச் சரி தம்பி. பாலித்தீன் பைக்கும் டயபருக்கும் யார் பத்து ரூபாய் தருவா?

குடந்தைவாசி:
அப்ப கொட்டுற அளவுக்கு ஏத்த அபராதம் போடுங்க. உரிமம் இல்லாத இடத்துல 100 பேருக்கு மேல கூட்டி விசேஷம் வச்சா, முன்கூட்டியே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரிச்சு ஒப்படைக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க. தோப்புல பந்தல் போடுறவங்க யாராவது சொல்றாங்களா? முதல்ல அங்க போங்க.

கடைமடைக்காரன்:
மண்டபத்துக்கு 50,000-ன்னாலும் கையெழுத்துப் போடுறேன். ஆனா தெருவுல வீசுறவங்களை விட்டுடச் சொல்லாதீங்க. மதகுல மாட்டுனதுல பாதி, ஒரு வீட்டுக் குப்பையை முடிச்சுப் போட்ட சின்னச் சின்னப் பைதான். வழக்கமா மேட்டூர் திறக்குற ஜூன் 12-க்கு முன்னால தூர்வாருவோம். ரெண்டு பேரும் வாங்க, நேர்ல பாருங்க.