கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரம் கற்திட்டைகளுக்கு (பெருங்கற்கால ஈமச் சின்னங்கள்) நடுவே புதுச் சிற்பம் வைத்தால்?

சூளகிரிக்காரன்: இத்தாலியில் அக்ரிஜெந்தோவில் கிமு 5ஆம் நூற்றாண்டுக் கோயில் வாசலில் சிற்பி இகோர் மித்தோராய் செய்த வெண்கல இகாருஸ் (கிரேக்கக் கதையில் சிறகு கட்டிப் பறந்து விழுந்தவன்) விழுந்து கிடக்கிற படத்தைப் பார்த்தேன், கைகள் இல்லை, சிறகு மட்டும் மண்ணில், வேண்டுமென்றே உடைந்தது போல வார்த்திருக்கிறார். எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியிலும் 2016இல் இவர் சிலைகளை வைத்தார்களாம். நம் மல்லசந்திரத்தில் இப்படி ஒன்று வைத்தால் தப்பா?

பாறைக்கிறுக்கன்: தப்புதான் தம்பி. அங்கே நான்கு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், பலகையில் ஆள் தலை நுழைகிற அளவுக்கு வட்டத் துளை, சுற்றி வட்டத் தலையோடு நிற்கும் கற்கள், இதற்கு நடுவில் வெண்கலம் எதற்கு? இருக்கிறதையே புதையல் தேடித் தோண்டிப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள், முதலில் அதைக் காப்பாற்றுவோம்.

கல்பட்டறை: நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் அண்ணே. 2019இல் கிரேக்கத்தின் தொல்லியல் தலமான டெலோஸ் தீவில் பிரிட்டன் சிற்பி ஆண்டனி கோர்ம்லி 29 இரும்பு உருவங்களை நிறுத்தி, காட்சி முடிந்ததும் எடுத்துவிட்டார். தோண்டாமல், நம் ஊர்க் கருங்கல்லிலேயே செய்து, மூன்று மாதம் வைத்து எடுத்தால் என்ன? ஏற்றுமதிக்கு மட்டும்தான் நம் கல்லா?

பாறைக்கிறுக்கன்: சரி, ஆனால் இராயக்கோட்டைப் பக்கம் யோசிக்காதே, அங்குள்ள கோட்டை மத்தியப் பாதுகாப்பில் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்.

சூளகிரிக்காரன்: அப்படியென்றால் தருமபுரி அருங்காட்சியக நடுகற்களுக்குப் பக்கத்தில்? வெயிலில் எழுத்தே தெரியாது, சாயங்காலம் சாய்வெளிச்சத்தில்தான் வீரனின் வில் தெரியும்.