மறு: ஸ்ட்ரிங் குவார்ட்டெட் தமிழ்ல என்ன?

வணக்கம் எல்லாருக்கும்,

ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுக்கு தமிழ்ச் சொல்லா நேத்து வந்த 'தந்தி நாற்கருவிக் குழு' பாத்தேன். தப்பில்ல, ஆனா சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குது. தவிர, ஸ்ட்ரிங் குவார்ட்டெட்ங்கறது ரெண்டு வயலின், ஒரு வியோலா (வயலின விட கொஞ்சம் பெரிசு), ஒரு செல்லோ (அதவிடவும் பெரிசு) வச்சு வாசிக்கற நாலு பேருக்கும் பேரு, அவங்களுக்குன்னு எழுதின உருப்படிக்கும் அதே பேரு, நாம ஒரே சொல்ல வச்சு ரெண்டையும் ஓட்டப் பாக்கறோம். ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹைடன் 60க்கு மேல குவார்ட்டெட் எழுதினார்னா 60 குழுவயா எழுதினாரு?

ஆளுங்களுக்கு 'நரம்பிசை நால்வர்' போதும்ங்க. 'வில்லிசை நால்வர்'னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க, வில் போட்டு வாசிக்கறதால பொருத்தம்தான், ஆனா போஸ்டர பாத்துட்டு வர்றவங்க தந்தனத்தோம்னு பாடறவங்களையும் குடத்தையும் தேடுவாங்க :-) நால்வர்னா தேவாரம்தான் ஞாபகம் வருதுங்கற ஆட்சேபத்த நான் ஒத்துக்க மாட்டேன். நாட்டியம், இசை ரெண்டுலயும் பேர் வாங்கின அண்ணன் தம்பி நாலு பேர தஞ்சை நால்வர்னு சொல்றோமே, அதுல வடிவேலு வயலின் வாசிச்சவரே, 1834ல திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் அவருக்கு தந்தத்துல செஞ்ச வயலினே குடுத்தாரு.

உருப்படிக்கு என் யோசனை 'நால்வரிசை'. நால்வர் இசைன்னும் பிரிக்கலாம், நால் வரிசைன்னும் பிரிக்கலாம். அவங்க நோட்டேஷன் பக்கத்த பாருங்க, ஒண்ணாம் வயலின், ரெண்டாம் வயலின், வியோலா, செல்லோன்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நாலு வரிசைதான் ஓடுது.

ரெண்டு சொல் தனித்தனியா வேணும்னு எனக்கு உறைச்சதே கச்சேரி நோட்டீஸ் ஒண்ண தமிழாக்கறப்பதான். முதல் பாதி ஹைடன், பின்பாதி ஐரிஷ் நாட்டுப்புறம். அயர்லாந்துல பப்ல கூடி ஜிக், ரீல்னு ஆட்டத்துக்கான மெட்டுங்கள வாசிக்கறப்ப பத்து பேர் இருந்தாலும் பெரும்பாலும் எல்லாரும் ஒரே மெட்டத்தான் வாசிப்பாங்க, நம்ம பஜனை மாதிரி, அவங்கவங்க சின்னச் சின்ன சங்கதி மட்டும் போட்டுப்பாங்க. ஜிக்னா ஆறு எண்ணிக்கை, மூணு மூணா ரெண்டு அடி, கால் தானா தட்டும். அத நாலு பேர் சேந்து அப்படியே ஒரே மெட்டா வாசிச்சா மேடைல இருக்கறது நால்வர்தான், காதுல விழறது நால்வரிசை இல்ல. ஆனா லண்டன்டெரி ஏர்ங்கற பழைய ஐரிஷ் மெட்ட இங்கிலாந்து இசையமைப்பாளர் ஃபிராங்க் பிரிட்ஜ் 1908ல குவார்ட்டெட்டுக்கு எழுதினாரு, அவரே வியோலாக்காரர், மெட்ட துண்டு துண்டா நாலு வரிசைலயும் ஒளிச்சு வச்சு கடைசி பக்கம்தான் முழுசா வெளிய விடுவாரு. அது நால்வரிசை.

வியோலா, செல்லோ அப்படியே இருக்கட்டும். வயலின ஐரிஷ்காரங்க ஃபிடில்னுதான் சொல்வாங்க, நம்ம தாத்தாக்களும் பிடில்னுதான் சொன்னாங்க, அதனால பின்பாதி முழுக்க 'பிடில்'னே போட்டிருக்கேன், யாரும் திருத்திடாதீங்க.