மந்திரிப் பலியை என்ஜின் பிழை என்று காட்டுகிறது. எதை நம்புவது?

உப்புவெளி ஆசிரியர்

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு போட்டியில் என்னுடைய பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி, வெள்ளையில் விளையாடி, மந்திரியால் எச்7 சிப்பாயை வெட்டிச் செக் வைத்தா. ராஜா மந்திரியை வெட்ட, குதிரை ஜி5இல் அடுத்த செக். எதிர்ப்பக்கம் பதறி ராஜாவை ஜி8க்குத் திருப்பிக் கொண்டுபோனது. ராணி எச்5க்கு வந்தது, ஆட்டம் முடிஞ்சுது.

ஸ்கோர் ஷீட்டில் அந்த மந்திரி நகர்வுக்குப் பக்கத்தில் பேனையால் சின்ன நட்சத்திரம் ஒன்று கீறியிருந்தா. வகுப்பு முடிந்து டச்பே கடற்கரையில் இருந்து, என் போனில் ஸ்டொக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினை (ஆட்டத்தை ஆராயும் கணினி நிரல்) போட்டுப் பார்த்தோம். மந்திரியை வைத்த உடனே வெள்ளைக்கு −1.3 (ஒரு சிப்பாய்க்குச் சற்று மேல் பின்னடைவு), கூடவே பெரும்பிழை என்று இரண்டு கேள்விக்குறி. பிள்ளை ஒன்றும் பேசேல்லை, நட்சத்திரத்தின் மேல் கோடு போட்டுவிட்டா. அடுத்த கிழமை அதே மாதிரி நிலை வந்தபோது மந்திரியைப் பின்னுக்கு எடுத்தா. எனக்கு அதுதான் மனதைப் போட்டு அரிக்குது.

காயைத் தெரிந்தே கொடுக்கும் இப்படியான துணிச்சல் பலிகளை என்ஜினால் காண முடியாதா? இல்லை, பலி உண்மையிலேயே பிழையா? போன் சாதாரணமானது, ஆழம் 18 (இரு பக்கமும் சேர்த்து அத்தனை நகர்வு முன்னுக்கு) காட்டியது.

மூதூர்த் தம்பி

சேர், என்ஜின் காய்க்கணக்குத்தான் பார்க்கும், நம்பாதீங்க. 1960இல் உலகச் சாம்பியன் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில் தால், பொட்வின்னிக்குக்கு எதிராகக் குதிரையை எஃப்4இல் கொண்டுபோய் வைத்தாரே, அதையெல்லாம் இயந்திரம் யோசிக்குமா? 1997இல் டீப் புளூ என்ற கணினி, உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கு ஒரு குதிரையைக் கொடுத்து வென்றது மட்டும்தான் எனக்குத் தெரிந்து விதிவிலக்கு.

கிண்ணியா மென்பொருள்

தம்பி, டீப் புளூ அந்தக் குதிரையைத் தானாகக் கண்டுபிடிக்கேல்லை. ஈ6இல் வெட்டின அந்த நகர்வு, அதற்குள் ஏற்கெனவே போட்டு வைத்த தொடக்க ஆட்டப் புத்தகத்தில் இருந்தது.

காய்க்கணக்கு மட்டும் என்பதும் பழைய கதை. 2017இல் தானே ஆடிக் கற்ற ஆல்பாஸீரோ என்ற நிரல் ஸ்டொக்ஃபிஷ் 8உடன் 100 ஆட்டம் ஆடி 28 வென்று 72ஐச் சமன் செய்தது. அதில் சில ஆட்டங்களில் காயைக் கொடுத்துவிட்டு, உடனே ஒன்றும் திருப்பி எடுக்காமல், எதிராளியின் காய்களை நெருக்கியே வென்றது. 2020இல் ஸ்டொக்ஃபிஷ் 12க்கும் நரம்பு வலையமைப்பு (பயிற்சியில் கற்று நிலையை மதிப்பிடும் முறை) வந்துவிட்டது.

சேர், உங்கட பிரச்சினையில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கு.

முதலாவது தேடும் முறை. நகர்வுகளை வரிசைப்படுத்தி, பின்னுக்கு நிற்கிறவற்றை என்ஜின் ஆழம் குறைத்துத்தான் பார்க்கும். அப்படிச் செய்யாவிட்டால் எந்தக் கணினியும் அந்த ஆழத்துக்குப் போகாது. செக், செக் என்று போகும் பலி கெதியில் கண்ணில் படும். காயைக் கொடுத்த பிறகு ஓர் அமைதியான நகர்வு தேவைப்பட்டால் நேரம் எடுக்கும். வெயிலில் போன் சூடேறி வேகம் குறைந்தும் இருக்கும். லப்டொப்பில் போட்டுப் பாருங்க. பலியை நீங்களே பலகையில் வைத்து, நாலைந்து நகர்வு முன்னுக்குப் போய், பத்து நிமிஷம் யோசிக்க விட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வாங்க. கண்டதை என்ஜின் நினைவகத்தில் வைத்திருக்கும், எண் மாறலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். −1.3 என்பது எதிராளி ஒவ்வொரு முறையும் சரியான பதிலைப் போட்டால் வரும் எண். அந்தப் பதிலைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அது சொல்லாது. தாலின் அந்தக் குதிரைப் பலிக்கு, ஆட்டம் முடிந்த பிறகு மறுப்பு காட்டினார்கள். ஆனால் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்போது பொட்வின்னிக்குக்கு அது பிடிபடேல்லை.

கஷ்டத்தை அளக்க ஒரு வழி இருக்கு. என்ஜினைச் சிறந்த மூன்று நகர்வு வரிசை காட்டச் சொல்லிவிட்டு, கறுப்பின் ஒவ்வொரு நகர்விலும் முதல் வரிசைக்கும் இரண்டாவதுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்க. முதலாவது தப்பும், இரண்டாவது சாகும் என்றால் அது ஒரே வழி. அப்படி எத்தனை வருகுது என்று எண்ணுங்க.

வெருகல் அக்கா

என்ர மகனுக்கு இதே நிலையைச் சொல்லிக் கொடுத்த ஞாபகம். ராஜா எச்6க்குப் போனால், குதிரை ஈ6 சிப்பாயை வெட்டும்போது சி1 மந்திரியின் செக் திறபடும், டி8இல் நிற்கிற ராணி போய்விடும். ஜி8க்குப் போனால் எச்7இல் மேட் மிரட்டல். மிச்சம் ஜி6 மட்டும்தான், தன் ராஜாவை வெளியில் நடத்த யாருக்கு மனம் வரும்?

சேர், மாயா என்றொரு என்ஜினும் இருக்கு. மனிதர்கள் லீசெஸ் என்ற செஸ் இணையத்தளத்தில் ஆடின ஆட்டங்களை வைத்தே பயிற்றினது. 1100 முதல் 1900 வரையான தரப்புள்ளிகளுக்குத் தனித்தனியாக, அந்தத் தரத்து ஆள் எதைப் போடுவார் என்று கணிக்கும். உங்கட கேள்விக்கு ஸ்டொக்ஃபிஷை விட அதைக் கேட்பதுதான் பொருத்தம்.

உப்புவெளி ஆசிரியர்

எல்லாருக்கும் பெரிய நன்றி. லப்டொப்பில் செய்து பார்த்தேன். முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்ததும் −1.3 இப்போது −0.6. கறுப்புக்கு மூன்று இடத்தில் ஒரே வழிதான்: ராஜா ஜி6, வெள்ளை ராணி ஜி4க்கு வந்ததும் சிப்பாய் எஃப்5, ராணி ஜி3க்கு ஒதுங்கின பிறகு இன்னொன்று. மூன்றில் எதைத் தவறவிட்டாலும் வெள்ளைக்கு +3க்கு மேல்.

சனிக்கிழமை வகுப்பில் என்ஜின் எண்ணைச் சொல்லாமல் நாலு பிள்ளைகளிடம் கறுப்பைக் கொடுத்தேன். மூன்று பேர் ஜி8க்கே போனார்கள். ஒரு பொடியன் ஜி6 போட்டான், ஆனால் எஃப்5 காணேல்லை.

பிறகு பிள்ளையே கேட்டா: "சேர், ராஜா ஜி6க்கு வந்தால் ராணியை விட்டிட்டு எச்4 தள்ளினால்?" என்ஜின் காட்டின மூன்று வரிசையிலும் அது இல்லை.

கிண்ணியா மென்பொருள்

அதையும் நீங்களே வைத்துப் பத்து நிமிஷம் விடுங்க, சேர்.

உப்புவெளி ஆசிரியர்

விட்டேன். முதலில் −0.9, எட்டாவது நிமிஷத்தில் 0.0, அதாவது சமன். மற்ற வரிசைகளைப் பிள்ளை இப்போது கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறா.